முப்பத்தொன்றாம் தேதி இரவுக்குச் சான்று

பெனதோரா துறைமுகம், ஸ்பெயின்
9 ஜூன் 1993

அன்புள்ள மோர்வெனா அக்காவுக்கு,

தம்பி டென்சில் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் கிளம்பியதும் பூனை என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருக்குமே.

பிஸ்கே வளைகுடாவைத் தன்னந்தனியாகத் தாண்டிவிட்டேன். ஆறு நாள். அறுபது வயது ஆளும் முப்பத்திரண்டு வயது மரப்படகும்! கடல் சும்மா தொட்டில் ஆட்டியது, அவ்வளவுதான். பப்பில் என்னை நக்கலடித்தவர்களிடம் இதைத் தவறாமல் சொல்.

கடல் விட்டுவிட்டது, கரையில் மாட்டிக்கொண்டேன். இங்கே ஒத்தேரோ என்று ஒரு சுங்க அதிகாரி. ஒரு காலத்தில் லிவர்பூல் கப்பலில் சமையல்காரனாக இருந்தவன், நம் மொழி தெரியும். என் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினான்.

"பதிவுச் சான்று இருக்கு. வித்த பத்திரம் இருக்கு. இன்சூரன்ஸ் இருக்கு. ரேடியோ லைசென்ஸ்கூட இருக்கு. போன டிசம்பர் முப்பத்தொண்ணு ராத்திரி படகு எங்க இருந்துச்சு சென்யோர்?"

"பென்ரின் பட்டறையில, கட்டை மேல நின்னுச்சு. நானும் பக்கத்துல நின்னேன்."

"நீங்க நின்னதுக்கு வரி இல்ல. படகு நின்னதுக்குப் பேப்பர் காட்டுங்க."

இந்த வருடம் பிறந்ததிலிருந்து இது புதுச் சட்டமாம். பழைய படகுக்கு வரி கிடையாது. ஆனால் அந்த ஒரு இரவு அது ஐரோப்பியச் சந்தையின் பன்னிரண்டு நாடுகளுக்குள் நின்றது என்று நிரூபிக்க வேண்டும். 'சாம்ஃபயர்' படகின் சுக்கான் கைப்பிடியைக் கம்பியால் சுற்றி ஈய முத்திரை அடித்துவிட்டான். செப்டம்பர் முடிவதற்குள் அசல் காகிதம் வராவிட்டால் படகு அரசாங்கத்துக்குப் போய்விடும்.

பயப்படாதே. புது வருட இரவில் பட்டறை முதலாளி ரோஸ்வார்ன் பெரியவர் லாந்தரோடு பட்டறையைச் சுற்றி வந்து, நிற்கிற ஒவ்வொரு படகின் மூக்கிலும் ஒரு சொட்டு ரம் ஊற்றிப் பெயரை நோட்டில் எழுதுவார். அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பட்டறை முத்திரையோடு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லி அவர் மகள் ஈனிட்டைக் கேள். வந்ததும் கானரித் தீவுகளுக்குப் போய், நவம்பர் காற்றைப் பிடித்து அட்லாண்டிக்கைத் தாண்டிவிடுவேன். கிறிஸ்துமஸ் பார்படோஸில்!

உன் அன்புத் தம்பி,
டென்சில்

*

நியூலின், இங்கிலாந்து
17 ஜூன் 1993

அன்புத் தம்பி டென்சிலுக்கு,

அக்கா எழுதுவது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. பூனை உன் நாற்காலியில் ஏறவில்லை, உன் தலையணையிலேயே படுக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

தொட்டில் ஆட்டியதாம்! அந்த ஆறு நாளும் நான் வானொலிப் பெட்டியை விட்டு நகரவில்லை. கடல்வானிலை வாசிக்கிறவர் "பிஸ்கே, ஃபினிஸ்டெர்" என்று ஆரம்பித்தாலே கையிலிருக்கும் கோப்பையைக் கீழே வைத்துவிடுவேன். மூன்றாம் நாள் பிஸ்கேயில் புயல், அளவு எட்டு என்றார். உன் தொட்டிலில் மட்டும் காற்றே அடிக்கவில்லையோ?

என் வீட்டுக்காரர் பெட்ரோக் கடலோடு போய் இந்த நவம்பரோடு இருபத்தைந்து வருடம். அவர் படகிலிருந்து ஒரு மீன்பெட்டி மட்டும் கரைக்கு வந்தது. இந்த ஊரில் எனக்கு மிச்சம் இருப்பது நீ ஒருவன். இதற்கு மேல் சொன்னால் கிழவி புலம்புகிறாள் என்பாய்.

ஈனிட்டுக்கு இன்றே எழுதுகிறேன். காகிதம் வரும்வரை கரையிலேயே இரு.

உன் அக்கா,
மோர்வெனா

*

ரோஸ்வார்ன் படகுப் பட்டறை, பென்ரின்
24 ஜூன் 1993

அன்புள்ள மோர்வெனா அத்தைக்கு,

வணக்கம். நலமா? இங்கே அப்பா வழக்கம்போல எல்லோரையும் திட்டிக்கொண்டு ஆரோக்கியமாக இருக்கிறார்.

நீங்கள் கேட்ட கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். டிசம்பர் 31 இரவு 'சாம்ஃபயர்' நான்காம் வரிசையில் நின்றதாக அப்பாவின் நோட்டில் தெளிவாக இருக்கிறது. பக்கத்திலேயே "டென்சில், பாதி ரம்மைக் குடித்துவிட்டான்" என்றும் எழுதியிருக்கிறார். அதைச் சான்றில் சேர்க்கவில்லை. முத்திரையை இரண்டு தடவை அழுத்திக் குத்தியிருக்கிறேன்.

மாமாவுக்கு உடனே அனுப்பிவிடுங்கள். சுங்கக்காரர்களுக்கு அசல்தான் வேண்டுமாம்.

அன்புடன்,
ஈனிட்

*

நியூலின்
2 ஜூலை 1993

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். உனக்காகக் குங்குமப்பூ பன் சுட்டுத் தனியாகப் பார்சல் அனுப்பியிருக்கிறேன். கம்பளிக் காலுறையும் அதில் இருக்கிறது.

நீ கேட்ட காகிதம் இன்னும் வரவில்லை. பட்டறையில் கூரை ஒழுகி நோட்டெல்லாம் நனைந்து கிடக்கிறதாம். ஈனிட் தேடிக்கொண்டிருக்கிறாள், பாவம். அவளை அவசரப்படுத்தவும் மனம் வரவில்லை. கிடைத்ததும் அனுப்புகிறேன்.

அந்த ஊர் நல்ல ஊர்தானே? கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரலாமே.

உன் அக்கா,
மோர்வெனா

*

பெனதோரா
14 ஜூலை 1993

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். பன் வந்து சேர்ந்தது, கல்லாக. காப்பியில் ஊறவைத்துத் தின்றேன். பாதியை ஒத்தேரோ தின்றுவிட்டு உன்னைப் புகழ்ந்தான்.

தினமும் காலை பத்து மணிக்கு முத்திரையைச் சோதிக்க வருகிறான். நானும் தினமும் கத்துகிறேன்.

"படகைக் கட்டிப் போட்டா அது அழுகிரும்யா! இப்பவே போகணும் நான்!"

"போங்க சென்யோர், பேப்பர் வந்ததும் போங்க. இந்தக் கரைக்குப் பேரு தெரியுமில்ல? சாவுக் கரை. போனவங்க பேரெல்லாம் எங்க கோயில் சுவத்துல இருக்கு, வந்து பாருங்க."

உள்ளூர்க்காரர்கள் வைத்த பேர்தான், நீ ஒன்றும் நினைக்காதே.

அந்த நோட்டு நனைந்ததா, மீன் தின்றதா? ஈனிட்டைக் கொஞ்சம் விரட்டு. இல்லையென்றால் நானே அவளுக்கு எழுதுகிறேன்.

தம்பி,
டென்சில்

*

நியூலின்
22 ஜூலை 1993

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

தயவுசெய்து ஈனிட்டுக்கு எழுதாதே. அவள் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், நெஞ்சுவலி. அவள் ராத்திரி பகலாக அங்கேயே இருக்கிறாள். அந்தப் பெண்ணிடம் போய் இப்போது முத்திரை, நோட்டு என்று கேட்டால் நன்றாகவா இருக்கும்? நானே பக்குவமாகக் கேட்டு வாங்குகிறேன். நீ எழுத வேண்டாம். கட்டாயம் எழுத வேண்டாம்.

சாவுக் கரை என்று எழுதிவிட்டு ஒன்றும் நினைக்காதே என்கிறாய். உனக்கு மூளை எங்கே இருக்கிறது?

மோர்வெனா

*

பெனதோரா
25 ஆகஸ்ட் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். ரோஸ்வார்ன் பெரியவருக்கு இப்போது தேவலையா? காகிதத்தை மெதுவாகவே தேடட்டும். அவசரம் இல்லை.

பக்கத்தில் யோஸ்ட் என்று ஒரு ஹாலந்துக்காரர் தன் படகோடு இருந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், அவரும் தனியாள். இந்தத் துறைமுகத்தில் எல்லாக் காகிதமும் சரியாக வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான். பிளாஸ்டிக் உறைபோட்டு, வரிசை எண் போட்டு. ஒத்தேரோ அதைப் பார்த்துச் சல்யூட்டே அடித்தான். பதினோராம் தேதி கிளம்பினார். கயிற்றை நான்தான் அவிழ்த்துவிட்டேன்.

பத்தொன்பதாம் தேதி மீனவர்கள் அவர் படகை இழுத்து வந்தார்கள். பாய் ஏற்றியபடியே இருந்தது. அடுப்பில் கெட்டில் இருந்தது. அவர் இல்லை.

தக்காளி இங்கே ரொம்ப நன்றாக விளைகிறது. ஒத்தேரோவிடம் இன்னும் தினமும் கத்திக்கொண்டுதான் இருக்கிறேன்.

தம்பி,
டென்சில்

*

நியூலின்
4 செப்டம்பர் 1993

அன்புத் தம்பிக்கு,

உன் நலம் கேட்கக்கூட எனக்கு இன்று யோக்கியதை இல்லை. இந்த உறையில் இருக்கும் காகிதத்தின் தேதியைப் பார். ஜூன் 24. அதற்கு மறுநாளிலிருந்து அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கூரை ஒழுகவில்லை. பெரியவருக்கு நெஞ்சுவலி இல்லை. எல்லாம் நான் சொன்ன பொய்.

படகு கட்டிக் கிடக்கும்வரை நீ உயிரோடு இருப்பாய் என்று நினைத்தேன். அவ்வளவுதான், வேறு காரணம் இல்லை. அந்த வாத்தியார் கதையைப் படித்துவிட்டு இன்னும் இறுக்கிப் பூட்டினேன். ஆனால் இந்த மாதம் முடிந்தால் படகு போய்விடும். பதினைந்து வருடம் அதன் ஒவ்வொரு பலகையையும் நீ மாற்றியதைப் பார்த்தவள் நான். கடலில் நீ சாவாய் என்று பயந்து கரையில் உன்னைச் சாகடிக்கப் பார்த்தேன்.

யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அன்று காலை பெட்ரோக் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. "இன்னிக்கு வேணாம்டி, காத்து சரியில்ல" என்றார். நான் சிரித்தேன். "என்ன, பயமா? எதிர்வீட்டு ஆளு எப்பவோ பூட்ஸ் மாட்டிட்டுப் போயாச்சு" என்றேன். எழுந்து பூட்ஸை மாட்டிக்கொண்டு போனார். இருபத்தைந்து வருடமாக அந்தச் சிரிப்பு என் காதில் கேட்கிறது. ஒருவரைப் போகச் சொல்லித் தொலைத்தேன். அதனால்தான் உன்னை விடவில்லை.

இனி உன் இஷ்டம். திட்ட வேண்டுமானால் திட்டு.

உன் அக்கா,
மோர்வெனா

*

பெனதோரா
14 செப்டம்பர் 1993

என் அன்பு அக்காவுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். உன்னைத் திட்ட எனக்கும் யோக்கியதை இல்லை.

ஜூலை பதினாலாம் தேதி உனக்கு எழுதிய கையோடு ஈனிட்டுக்கும் எழுதிவிட்டேன். இருபத்தொன்பதாம் தேதி ஒரே தபாலில் இரண்டு கடிதம் வந்தது. உன் கடிதத்தில் அவள் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். அவள் கடிதத்தில் ஏணியில் நின்று படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். கூடவே இரண்டாவது அசல், இரண்டு தடவை அழுத்திக் குத்திய முத்திரையோடு. முதலாவதை ஜூனிலேயே உனக்கு அனுப்பிவிட்டதாகவும் எழுதியிருந்தாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவளைக் கேட்டுக்கொண்டேன்.

அந்தக் காகிதத்தை மடித்துத் தேயிலை டப்பாவுக்குள் வைத்து மூடினேன். ஒன்றரை மாதமாக அது அங்கேதான் இருக்கிறது. தினமும் ஒத்தேரோவிடம் "என் பேப்பர் எங்கய்யா?" என்று கத்தியதெல்லாம் அந்த டப்பாவுக்குப் பக்கத்தில் நின்றுதான்.

எனக்குப் பயம் அக்கா. தொட்டில் ஆட்டியது என்று எழுதினேனே, மூன்றாம் நாள் ராத்திரி படகு சாய்ந்து பாய்மரம் தண்ணீரைத் தொட்டது. அறைக்குள் முழங்கால்வரை தண்ணீர். நான் வாளியைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, ஒரு சொட்டுத் தண்ணீரையும் இறைக்காமல், அம்மா அம்மா என்று அழுதேன். விடிந்தபோது படகு தானாக நிமிர்ந்திருந்தது. அதற்கப்புறம் கயிற்றைத் தொட்டாலே கையை எடுத்துவிடுகிறேன். முத்திரை அடித்த அன்று நான் எப்படித் தூங்கினேன் தெரியுமா! உன் பொய் தெரிந்தபோது கோபமே வரவில்லை. நீ காகிதத்தைப் பூட்டி வைத்திருக்கும்வரை நான் கோழை இல்லை, அகப்பட்டுக்கொண்டவன். அது போதுமாக இருந்தது.

இப்போது நீயே அனுப்பிவிட்டாய். இனி என்ன சாக்கு? ஊரே கூடி எனக்கு விருந்து வைத்து அனுப்பியது. மேசை மேல் ஏறிப் பார்படோஸைப் பற்றிப் பேசினேனே, எந்த முகத்தோடு திரும்பி வருவது? இன்று காகிதத்தை ஒத்தேரோவிடம் கொடுத்தேன். கம்பியை வெட்டி என் கையைக் குலுக்கினான். அந்தக் கையை விடவே எனக்கு மனமில்லை.

வரும் திங்கட்கிழமை, இருபதாம் தேதி காலை கிளம்புகிறேன். பெட்ரோக் மாமா போனது உன்னால் இல்லை. ஆம்பளைகளுக்குப் பயம் என்று சொல்ல வாய் வராது, அவ்வளவுதான்.

பூனையைப் பார்த்துக்கொள்.

டென்சில்

*

நியூலின்
22 செப்டம்பர் 1993, புதன்

டென்சில்,

உன் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. நீ போய் இரண்டு நாளாகிவிட்டது. இது உனக்குக் கிடைக்காது என்று தெரிந்தே எழுதுகிறேன், எழுதாமல் உட்கார முடியவில்லை.

துறைமுக ஆபீசுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் அவள் மொழியில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மறுபடி போட்டேன், யாரும் எடுக்கவில்லை. மத்தியான வானிலையில் ஃபினிஸ்டெர், அதுதான் நீ இருக்கும் கடல், தென்மேற்கு, புயல், அளவு ஒன்பது என்றார்கள். பெட்டியை அணைத்தேன். அணைத்தால் உனக்கு என்ன ஆகிறது என்று தெரியாதே என்று திரும்பப் போட்டேன்.

பயந்தவன் என்று ஊர் சொல்லட்டுமே! ஊர் சொன்னால் உனக்கு என்ன, எனக்கு என்ன? பஸ்ஸில் வா, ரயிலில் வா, நடந்து வா. படகை அந்த ஆளே வைத்துக்கொள்ளட்டும். அந்தக் காகிதத்தை நான் அனுப்பியிருக்கக் கூடாது. ஐயோ, நான் அனுப்பியிருக்கவே கூடாது.

வந்துவிடு தம்பி. வந்துவிடு.

அக்கா

*

சான்டாண்டரிலிருந்து ப்ளிமத் போகும் கப்பல்
27 செப்டம்பர் 1993

என் அன்பு அக்காவுக்கு,

இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை இல்லை. இதை நானே கொண்டுவருகிறேன்.

திங்கட்கிழமை காலை கிளம்பினேன். துறைமுகத்தில் பத்துப் பேர் கையாட்டினார்கள். அலைதடுப்புச் சுவரைத் தாண்டியதும் பாயை ஏற்ற வேண்டும். கயிற்றைப் பிடித்தேன், இழுக்கவில்லை. காற்று நன்றாகத்தான் இருந்தது. புயல் அன்று இரவுதான் ஆரம்பித்தது. கடல் நீலமாக, அழகாக இருந்தது. கயிற்றைக் கீழே போட்டேன். இரண்டு மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டு அங்கேயே வட்டம் அடித்துக்கொண்டிருந்தேன், செக்கு மாடு மாதிரி. பிறகு திரும்பிவிட்டேன்.

ஒத்தேரோ படகுத்துறையில் உட்கார்ந்திருந்தார். கயிற்றை வாங்கிக் கட்டினார்.

"இன்ஜின் மக்கரா?"

"இல்ல."

"பாய் கிழிஞ்சுதா?"

"இல்ல."

என் முகத்தைப் பார்த்தார். கையாட்டிய பத்துப் பேரும் இன்னும் அங்கேதான் நின்றார்கள்.

"அந்தப் பட்டறைப் பேப்பரைக் காட்டுங்க" என்றார். கொடுத்தேன். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"முத்திரை மங்கலா இருக்கே சென்யோர். இது செல்லாது. மேலிடத்துக்கு அனுப்பி விசாரிக்கணும். வசந்தம் ஆயிரும். அதுவரைக்கும் படகு இங்கதான் நிக்கும்."

ஈனிட் இரண்டு தடவை அழுத்திக் குத்திய முத்திரை அக்கா. அட்டைக் கரியாக இருக்கிறது.

"போன வாரம் நல்லாத்தானய்யா இருந்துச்சு" என்றேன்.

"போன வாரம் நான் கண்ணாடி போடல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கத்துங்க. எல்லாரும் பாக்கறாங்க. எப்பவும் போலக் கத்துங்க."

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை, அழுகைதான் வந்தது. உடனே அவர் எழுந்து, என் முகம் யாருக்கும் தெரியாமல் எனக்கு முன்னால் நின்றுகொண்டு, எனக்கும் சேர்த்து அவரே கத்தினார்.

"இங்கிலீஷ்காரன்னா என்ன, பெரிய கொம்பா? சட்டம் சட்டம்தான்! பேப்பர் சரியில்லன்னா படகு போகாது!"

துறைமுகம் முழுக்கக் கேட்டது. அவர் வீட்டில் ஒரு வாரம் சோறு போட்டார்கள். வெட்கத்தில் உனக்கு எழுதவும் இல்லை, போன் போடவும் இல்லை. அந்த ஏழு நாளும் உனக்கு எப்படிப் போயிருக்கும் என்று இந்தக் கப்பலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அதற்கு நீ என்னை அடிக்கலாம்.

ஊரில் கேட்டால், ஸ்பெயின்காரன் படகைப் பிடித்து வைத்துவிட்டான் என்று சொல்லலாம் என்று ஒத்தேரோ சொல்லி அனுப்பினார். நல்ல மனுஷன். ஆனால் நான் பயந்து திரும்பினேன் என்றே சொல்லப்போகிறேன். சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.

இதையெல்லாம் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் இந்தக் கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு, நீ படித்து முடிக்கும்வரை வெளியே நின்றுகொண்டிருப்பேன். நீ இந்த வரியைப் படிக்கும்போதும் அங்கேதான் நிற்கிறேன். மழை பெய்தால் கொஞ்சம் சீக்கிரம் படி அக்கா.

உன் தம்பி,
டென்சில்